கேரியரில் விழுந்த விரிசல்



மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டும் இரும்புச் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் எண்ணலாம். வண்டி என்றால் எஞ்சினைப் பற்றிப் பேசுவோம். வேகத்தைப் பற்றிப் பேசுவோம். கேரியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் பேசியவன் அல்லன். சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் நடந்த நிகழ்ச்சிதான் என்னைப் பேச வைத்தது.

நான் குடியிருப்பது மட்டாஞ்சேரியில். அங்கிருந்து நம் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாள், பஜார் ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து சுக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளத்தில் சில இடங்களில் கொடுத்துவிட்டு வருவேன். கைச்செலவுக்கு அந்த வருவாய் உதவுகின்றது. அன்றும் அப்படித்தான் சென்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரு சாய்வு. அடுத்த நொடி பெட்டி சாலையில் விழுந்து உருண்டது. பின்னால் வந்த ஸ்கூட்டரில் ஒரு தந்தையும், பள்ளிப் பையோடு அவர் மகளும் இருந்தனர். அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் சறுக்கி நின்றது. இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. "பார்த்துப் போகணும், மோனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அந்தக் கேரியர் புதிதாக உடைந்ததன்று. மூன்று வாரங்களுக்கு முன்புதான் விரிசல் கண்டு, ஒரு பட்டறையில் கொடுத்து வெல்டிங் செய்து வாங்கியிருந்தேன். செப்பனிட்ட பொருள் மூன்று வாரத்தில் முறிவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றதையே இங்கே எழுதுகின்றேன்.

முறிவு சொன்ன கதை

அன்றிரவு கேரியரைக் கழற்றி விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தேன். அது 16 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாயால் ஆனது. இடக் குழாய் முழுவதும் அறுந்திருந்தது. அறுந்த முகத்தில் இரண்டு நிறங்கள் தெரிந்தன. மேற்பாதி வழவழப்பாகத் துருவின் பழுப்பு நிறம் கொண்டிருந்தது. கீழ்ப்பாதி சொரசொரப்பாக வெள்ளிபோல் மின்னியது. மின்னியது அன்று மாலை அறுந்த பகுதி. பழுப்பாக இருந்ததோ பல நாட்களுக்கு முன்பே அறுந்து, காற்றும் ஈரமும் புகுந்து துருவேறிய பகுதி. குழாய் அன்று முறியவில்லை; அன்று முறிந்து முடிந்தது.

இன்னொன்றும் கண்டேன். பட்டறையில் வைத்த வெல்டிங் அப்படியே உறுதியாக இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் குழாய் அறுந்திருந்தது.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறியிருக்கிறார். அது ஒரே தடவையில் ஏற்றும் மிகைச் சுமையைப் பற்றிய உண்மை. உலோகத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஒரு தடவை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையையே இலட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால், அப்போதும் அது முறியும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பாட்டிமார் சொல்வது இதற்கு மிகப் பொருந்தும். பொறியியலார் இதனை உலோகச் சோர்வு என்பர்.

இந்த உண்மை பெரும் விலை கொடுத்து அறியப்பட்டது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரும்பு ஆடி ஆடித் தன் தன்மை மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். இராங்கின் என்ற இளம் பொறியாளர் 1843-இல் வேறு விதமாகச் சொன்னார்: அச்சின் தடிப்பு திடீரென்று மாறும் மூலையில் சிறு விரிசல் தோன்றி, மெல்ல மெல்ல உள்நோக்கி வளர்கிறது என்றார். பின்னர் ஜெர்மனியின் இரயில்வேப் பொறியாளர் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, எவ்வளவு சுமைக்கு எத்தனை சுழற்சியில் முறியும் என்று கணக்கிட்டார். இதற்குப் பின்னும் 1954-இல் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு, ஒன்று எல்பா தீவருகிலும் மற்றொன்று நேப்பிள்சுக்கு அப்பாலும், நடுவானில் சிதறின. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கியதால், உடலிலிருந்த திறப்பின் மூலையில் விரிசல் தோன்றி வளர்ந்தது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. விமானத்துக்கும் என் கேரியருக்கும் விலையில்தான் வேறுபாடு. முறிந்த வகையில் இல்லை.

என் வண்டியின் கணக்கைப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நொடிக்கு 50 அதிர்வு. ஒரு மணி நேரத்தில் 1,80,000. நாள்தோறும் போக ஒரு மணியும் வர ஒரு மணியும் ஆனால் 3,60,000. இருபத்தெட்டு நாளில் ஒரு கோடி! இவை எல்லாம் பெரிய அதிர்வுகள் அல்ல. ஆயினும் எறும்புகளின் எண்ணிக்கை உங்களுக்கு விளங்கும். சாலைப் பள்ளங்களோ எறும்புகள் அல்ல. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது பத்துக் கிலோ பெட்டி இரண்டு மூன்று மடங்கு பளுவாகக் கேரியரை அழுத்துகின்றது.

கொச்சிக்கு உரிய மற்றொரு காரணமும் உண்டு. நல்ல சூழலில் இரும்புக்கு ஓர் எல்லை இருக்கின்றது. அந்த எல்லைக்குட்பட்ட சுமையை எத்தனை கோடி தடவை ஏற்றினாலும் அது பெரும்பாலும் தாங்கிவிடும். உப்பு நீர் படும் இடத்திலோ அந்த எல்லையே மறைந்துவிடுகின்றது. துரு தோண்டும் சிறு குழிகள் விரிசலுக்கு வாயில்களாகின்றன. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறிப் பொழிய, மீதி நாளெல்லாம் உப்புக் காற்று வீசும் மட்டாஞ்சேரியில், பெயின்ட் உரிந்த குழாய் எப்படிப் பிழைக்கும்?

ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

காயல் கரையில் படகுகளின் இரும்பு வேலை செய்யும் முதியவர் ஒருவரை அறிவேன். இவ்வூர் வழக்கப்படி அவரை எல்லோரும் ஆசான் என்றே அழைப்போம். கேரியரை அவர் முன் வைத்தேன். அவர் வெல்டிங் பெட்டியைத் தொடவில்லை. "இது எதனால் முறிந்தது, சொல்லு. அதற்குப் பிறகு ஒட்டலாம்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே மூன்று காரணங்களைக் காட்டினார்.

முதற் காரணம், பெட்டி இருந்த இடம். கேரியரின் கடைசித் தாங்கலுக்கு அப்பால் 30 சென்டிமீட்டர் தொலைவில் பெட்டியின் நடுப்பாரம் இருந்தது. பத்துக் கிலோவை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும், இருபது கிலோவை 15 சென்டிமீட்டரில் வைத்தாலும், தாங்கலின்மேல் குழாயை வளைக்கும் திறன் ஒன்றே. அந்த இடத்தில்தான் குழாயின் மேற்புறம் மிகுதியாக இழுபடுகின்றது. அதே இடத்தில்தான் குறுக்குப் பட்டை ஒன்றும் வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. வெல்டிங்கின் ஓரம் எப்போதும் ஒரு சிறு வெட்டுப்போல அமையும். விரிசல் அங்கே பிறந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது, போல்ட்டுத் துளைகள் நேராகப் பொருந்தவில்லை. கேரியருக்கும் வண்டிக்கும் இடையில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. போல்ட்டை முறுக்கி இழுத்து அதை மூடியிருந்தேன். பெட்டி வைப்பதற்கு முன்பே குழாய் வளைந்து வருந்திக்கொண்டிருந்தது என்பதை நான் உணரவில்லை.

மூன்றாவது, சாய்வுக் கம்பி இல்லாமை. நான்கு கம்பிகளால் ஒரு சதுரம் கட்டித் தள்ளினால் அது சாய்ந்துவிடும். முக்கோணம் கட்டினால், ஏதேனும் ஒரு கம்பி நீளவோ குறுகவோ செய்தாலன்றி அது உருமாறாது. கோட்டைக் கொச்சிக் கரையில் சீனவலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெடிய மரங்களெல்லாம் முக்கோணமாகவே கட்டப்பட்டிருக்கின்றன; மறுபுறம் கற்கள் தொங்கிச் சுமையைச் சமன் செய்கின்றன. அங்கே கயிற்றுக் கட்டுகள் சற்று அசைந்தும் கொடுக்கும். வெல்டிங் அசைந்து கொடுக்காது. ஆகவே இரும்பில் செய்பவன் இன்னும் கருத்தாக இருக்கவேண்டும் என்றார் ஆசான்.

பட்டறையில் இந்த மூன்றையும் அப்படியே விட்டு, விரிசலின்மேல் மட்டும் இரும்பை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அந்த இடம் கட்டியாகி வளைய மறுத்தது. வளைவெல்லாம் அதன் ஓரத்துக்குப் போயிற்று. விரிசலும் அங்கே குடிபெயர்ந்தது.

வீட்டில் செய்த வேலை

ஆசான் தம் சிறு வெல்டிங் பெட்டியை இரவல் தந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்தார். வேலையை நானே செய்தேன். அவர் பார்த்துத் திருத்தினார்.

முதலில் வலக் குழாயைச் சோதித்தோம். பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்தோம். பிறகு சாக்குக்கட்டியைப் பொடித்துப் பூசினோம். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல் ஓர் ஈரக்கோடு தோன்றியது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது! இந்தச் சோதனைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. நீங்கள் ஒவ்வொருவரும் செய்யலாம்.

இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக வலக் குழாயையும் விரிசலிலேயே ஹாக்சாவால் அறுத்தோம். 16 மில்லிமீட்டர் குழாயின் உள்ளளவு 13 மில்லிமீட்டர். ஆகவே 12 மில்லிமீட்டர் கம்பியில் 8 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் இரண்டு எடுத்தோம். அவற்றின் நுனிகளை அரத்தால் சரிவாகக் கூராக்கினோம். மொட்டையாக விட்டால் குழாயின் வலிமை அந்த இடத்தில் திடீரென்று மாறும். இராங்கின் சொன்ன மூலையை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். கம்பியை ஒரு பக்கக் குழாய்க்குள் முழுதும் நுழைத்து, இரண்டு முனைகளையும் நேராக்கியபின், பக்கவாட்டில் இட்ட துளை வழியாக ஆணியால் தள்ளி, பாதி இப்புறமும் பாதி அப்புறமும் இருக்குமாறு நிறுத்தினோம்.

குழாய் முனைகளைச் சரிவாக அராவி, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அடியில் தெரியும் கம்பியோடு சேர்த்துப் பற்றவைத்தேன். குழாய் மெல்லியது, மின்னோட்டம் மிகுந்தால் துளை விழும். இரண்டு மில்லிமீட்டர் ராடும் ஏறத்தாழ 50 ஆம்பியரும் போதும். ஒரேயடியாகச் சுற்றாமல், சிறிது வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்புறத்தில் சிறிது வைத்து முடித்தேன். இல்லையேல் சட்டம் கோணிவிடும். கம்பி அசையாதிருக்கப் பக்கவாட்டுத் துளைகளிலும் உருக்கி நிரப்பினேன். மேற்புறத்தில் துளையிடவில்லை. இழுவை மிகுந்த இடம் அதுவே அல்லவா?

அடுத்தது சாய்வுக் கம்பி. கேரியரின் வால்பகுதியிலிருந்து, பின்னால் அமர்பவரின் காலடித் தாங்கி பொருத்தியிருக்கும் போல்ட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு குழாய் கொடுத்தோம். சக்கரத்தோடு ஏறி இறங்கும் பாகத்தில் இதை ஒருபோதும் மாட்டக்கூடாது. மாட்டினால் ஒவ்வொரு பள்ளமும் கேரியரைப் பிய்க்கும். மூலைகளில் முக்கோணத் தகடு வைப்பவர்கள், தகட்டின் கூர்முனை வரை வெல்டிங்கை இழுக்காமல் சற்று முன்னே நிறுத்த வேண்டும்.

கேரியரை வண்டியில் மாட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகினோம். இடைவெளி இருந்த இடத்தில் வாஷர்களை அடுக்கி நிரப்பிய பிறகே ஸ்பானரை எடுத்தோம். தளராத வகை நட்டுகளைப் போட்டோம். பெட்டியை முன்னே தள்ளி, அதன் பாரம் தாங்கலுக்கு அப்பால் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாதபடி அமைத்தோம். முன்பிருந்த வளைவில் இதனால் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. அன்று செய்த வேலைகளில் மிகப் பயனுள்ளது இதுவே. இதற்கு நெருப்பும் வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை.

பெயின்ட் அடிப்பதற்காகக் கேரியரை மறுபடி கழற்றினோம். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்கி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சும் அதன்மேல் பெயின்ட் இரண்டு பூச்சும் கொடுத்தோம். குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளை விட்டோம். மழைநீர் உள்ளே தேங்கினால் துரு உள்ளிருந்தே அரிக்கும்.

சில எச்சரிக்கைகள்

கேரியரை வண்டியிலிருந்து கழற்றிய பின்னரே பற்றவையுங்கள். அருகில் பெட்ரோல் வேண்டா. ஒரு வாளி மணல் வேண்டும். நாகப் பூச்சோ குரோமியப் பூச்சோ இருந்தால் அந்த இடத்தில் முற்றிலும் அராவி எடுத்துவிட வேண்டும். அவற்றின் புகை நஞ்சு. அராவும்போது பறக்கும் தூளும் மூச்சில் ஏறக்கூடாது. வெறுங்கண்ணால் வெல்டிங் சுடரைப் பார்க்கலாகாது; இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். கொச்சியின் முற்றங்கள் எப்போதும் ஈரம். உலர்ந்த பலகையின்மேல் நின்று வேலை செய்யுங்கள். இரு முனையும் அடைத்த குழாயைச் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கலாம், முதலில் துளையிடுங்கள். வெல்டிங் பழகாதவர்கள் அளவும் அறுப்பும் பொருத்தமும் வீட்டில் செய்துகொண்டு, பற்றவைப்பதை மட்டும் பழகியவரிடம் விடுவதே நன்று.

உடனே செப்பனிட முடியாத இடத்தில் விரிசலைக் கண்டால், பெட்டியை இறக்கிவிடுங்கள். விரிசலின் நுனியில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டால் அதன் வளர்ச்சி சிறிது காலம் தடைப்படும். கூரான நுனியில் குவியும் இழுவை, வட்டத் துளையில் பரவிவிடுகின்றது. ஆனால் அது மருந்தன்று. மருத்துவரிடம் போகும் வரை கட்டும் கட்டே.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது. அலுமினியக் கேரியருக்கு இந்த வெல்டிங் உதவாது. துருப்பிடித்துத் தாள்போல் மெலிந்த குழாயை ஒட்டுவது வீண் வேலை. வண்டியின் உடற்சட்டத்திலேயே விரிசல் கண்டால் நாம் கை வைக்கவே கூடாது. கேரியர் முறிந்தால் பெட்டி விழும். சட்டம் முறிந்தால் ஆள் விழுவான்.

இந்த வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும் கொண்டு பார்க்கின்றேன். இதுவரை கோடு தோன்றவில்லை. இனி ஒருநாளும் தோன்றாது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். முன்பு 20 கிலோ ஏற்றியவன் இப்போது 12 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதனால் சில நாட்களில் இரண்டு நடை போக வேண்டியிருக்கின்றது. பெட்ரோலுக்குச் சிறிது கூடுதலாகத்தான் செலவாகின்றது. அந்தப் பள்ளிச் சிறுமியை நினைத்தால் அது செலவாகத் தோன்றவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு நம்மில் பலர் மூணாறும் போடியும் கடந்து தேனிக்கும் மதுரைக்கும், பாலக்காடு வழியாகக் கோவைக்கும் வண்டியிலேயே செல்கின்றோம். எஞ்சின் எண்ணெயையும் சக்கரக் காற்றையும் பார்க்கின்றோம். இம்முறை புறப்படுவதற்கு முந்திய நாள், பெட்டியை இறக்கிவிட்டுக் கேரியரின் அடியிலும் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்து மெல்லிய துருக்கோடு தெரிகின்றதா? போல்ட்டைத் தளர்த்தினால் குழாய் துள்ளி விலகுகின்றதா? தெரிந்தால் என்னிடம் வாருங்கள். ஆசானின் வெல்டிங் பெட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றது.